ஒரே நாளில் இரண்டு முறை ஏறிய மலை

அவையை ஆளும் தலைவர் பக்தவச்சலம் ஐயா அவர்களே! சங்கத்தின் சான்றோர் பெருமக்களே! நானூறு கிலோமீட்டர் மிதித்துவிட்டு இன்று நாற்காலியில்கூட நிம்மதியாக உட்கார முடியாமல் நெளியும் என் சக சைக்கிள் ஓட்டிகளே! அடுப்பை அணைத்த கையோடு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் சேலையூர்த் தாய்மார்களே! கடைசி வரிசையில் கைகட்டி நிற்கும் என் கணவர் பாட்சா அவர்களே! உங்கள் அனைவருக்கும் ஷாயிஸ்தாவின் சலாமும் வணக்கமும்.

சற்று முன் தலைவர் இந்தப் பதக்கத்தை என் கழுத்தில் போட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். ஆனால் இந்தப் பதக்கம் எனக்கு உரியதா? அதைக் கேட்கத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

நமக்கு வாய்த்த ஊர் எப்படிப்பட்ட ஊர்? குன்றத்தூர்க் குன்று மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும். பள்ளிக்கரணையோ பாய் விரித்தாற்போல் சமம். மலைக்கு எங்கே போவேன்? மேம்பாலத்துக்குப் போனேன்! விடியற்காலையில் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் இருபது முறை ஏறினேன், இருபது முறை இறங்கினேன். ஒருநாள் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். "இன்னாம்மா, அப்போலேந்து ஏறி எறங்கிக்கினு கீறே? எதனா தொலைச்சிட்டியா?" என்றார். "இல்ல சார், மலை ஏறப் பழகுறேன்" என்றேன். அவர் ஒருமுறை பாலத்தைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார், போகச் சொல்லிவிட்டார்.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள்! சிரித்தவர்கள் என் தெருவிலும் இருந்தார்கள், உறவிலும் இருந்தார்கள். நாற்பத்து மூன்று வயதில் இந்தப் பேஜார் தேவையா என்று கேட்டார்கள். தேவை என்றேன்.

போன சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குத் தாம்பரத்தில் கிளம்பினோம். ஜவ்வாது மலை ஏறி, இறங்கி, ஞாயிறு காலை எட்டு மணிக்குள் திரும்ப வேண்டும். வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையிலுள்ள அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். அட்டை இல்லையென்றால் பயணமே இல்லை. வெளியார் உதவியும் கூடாது. இதுதான் சட்டம்.

மலை உச்சி நிறுத்தம் கோகிலவாணி அம்மாவின் டீக்கடை. முத்திரை வாங்கினேன், சுடச்சுட டீ குடித்தேன், பன்னிரண்டு கிலோமீட்டர் பறந்து இறங்கினேன். அடிவாரத்தில் பையைத் தொட்டுப் பார்த்தேன். அட்டையைக் காணோம்! டீக்கடை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்!

கூட வந்த வங்கி அதிகாரி அச்சுதன் சார் நல்ல மனிதர். அதோ, தலையைக் குனிந்துகொள்கிறார். "கடைக்கு போன் பண்ணலாம் மேடம். யாராவது பைக்ல கொண்டாந்து குடுத்துடுவாங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே! சைக்கிளைத் திருப்பினேன். அழுதேனா? அழுதேன். நின்றேனா? நிற்கவில்லை! அழுதுகொண்டே மிதித்தேன், மிதித்துக்கொண்டே அழுதேன். கடை வாசலில் என்னைப் பார்த்ததும் கோகிலவாணி அம்மா, "ஏம்மா, ஒரு அட்டைக்கா திரும்ப மலையேறி வந்தே?" என்று பதறினார். "அட்டைக்குத்தாம்மா" என்றேன்.

இரண்டு மணி நேரம் போயிற்று. போன நேரத்தைத் துரத்தினேன், துரத்தினேன், தாம்பரம் வரை துரத்தினேன். வந்து சேர்ந்தபோது மணி எட்டைத் தாண்டிவிட்டது. ஒன்பது நிமிடம் தாமதம்.

சங்கம் பெரிய மனது வைத்தது. "பாவம், இரண்டு தடவை ஏறியிருக்கிறாள்" என்று ஒன்பது நிமிடத்தை மன்னித்து, இந்தப் பதக்கத்தை அறிவித்தது. அங்கே யார்? "வாங்கிக்கோக்கா" என்கிறாயா தம்பி? கேள்.

திருமுடிவாக்கத்துப் பட்டறையில் எனக்கு என்ன வேலை தெரியுமா? போல்ட்டை அளக்கும் வேலை. தலைமுடி அளவு பருமன் கூடினாலும் தள்ளி வைப்பேன். முதலாளி முறைத்தாலும் தள்ளுவேன், லாரி வாசலில் நின்றாலும் தள்ளுவேன். பாவம் என்று ஒரு போல்ட்டையாவது இதுவரை பெட்டியில் போட்டேனா? இல்லை! அடுத்தவர் வேலைக்கு ஓர் அளவு, ஷாயிஸ்தாவுக்கு ஓர் அளவா? யாருக்கும் தெரியாது என்றபோதே அட்டைக்காக மலை ஏறியவள், ஊரே பார்க்க இரக்கத்துக்குக் கழுத்தை நீட்டுவேனா?

தாய்மார்களே, நமக்குத்தான் இந்தச் சலுகை எப்போதும் தேடி வரும். பொம்பளைதானே, இவ்வளவு செய்ததே பெரிது என்பார்கள். பெரிதுதான்! ஆனால் அது போதும் என்று முடிவு செய்ய அவர்கள் யார்? அளவு கூடிய போல்ட்டைப் பட்டறையில் நாங்கள் குப்பையில் போடுவதில்லை. மறுபடி லேத்தில் மாட்டிக் கடைகிறோம். என்னிடம் கூடியிருப்பது ஒன்பது நிமிடம். கடைந்து எடுப்பேன்!

இதோ அந்த அட்டை. எல்லா முத்திரையும் இருக்கிறது. இது எனக்குப் போதும், இதை யாருக்கும் தரமாட்டேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், இரண்டாவது டீயையும் ஆற்றிக் கொடுத்த அந்த மலைக்காரிக்கும், நாளை விடியலில் பாலத்தடியில் எனக்காகக் காத்து நிற்கப்போகும் பாட்சாவுக்கும் நன்றி. எல்லோருக்கும் சலாம், எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் அவர்களே, எழுந்திருங்கள். இந்தப் பதக்கத்தைப் பிடியுங்கள். பத்திரமாகப் பூட்டி வையுங்கள். அடுத்த மாதப் பயணத்துக்கு முதல் பெயராக என் பெயரை எழுதுங்கள். எட்டு மணிக்கு முன்னால் வந்து வாங்கிக்கொள்கிறேன்.