கார் கதவில் நாலு பள்ளம்

புக்கிட் செந்தோசாவிலிருந்து ரவாங் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் கையுறைத் தொழிற்சாலைச் சட்டை போட்ட இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“என் வீட்டுக்காரர் ஒரு மாசமா கார் கதவைத்தான்க்கா தடவிக்கிட்டு இருந்தாரு,” என்றாள் இளையவள்.

“அந்தப் பழைய மோரிஸா? பிரைமர் அடிப்பூச்சு அடிச்சாச்சுன்னியே.”

“அடிச்சித் தேச்சாச்சு. பள்ளம் இருக்குன்னு பெயிண்ட்காரர் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாரு. இன்னொரு தடவை இருந்தா வேற ஆளைப் பாருன்னுட்டாரு. அதான் ஞாயித்துக்கிழமை நானே மெல்லிசா ஒரு கிளவுஸ் மாட்டிக்கிட்டு, கண்ணை மூடித் தடவிப் பாத்தேன். நாலு இடத்துல பள்ளம்.”

“ஒத்துக்கிட்டாரா?”

“எங்கக்கா. ஒனக்கு என்ன தெரியும்னாரு. சரி, மேல கறுப்புத் தூள் பூசி உப்புத்தாளால தேச்சிப் பாருங்க, பள்ளத்துல மட்டும் தூள் தங்கும்னேன். கதவெல்லாம் கறுப்பு போயிருச்சு. நான் சொன்ன நாலு இடத்துல மட்டும் போகாம நின்னுச்சு.”

மூத்தவள் சிரித்தாள். “பதினஞ்சு வருசமா கிளவுஸ்ல ஓட்டை தேடுற கை லா அது.”

“நாலையும் சரிபண்ணி நேத்துக் கொண்டுபோனோம். பெயிண்ட்காரர் முழுசும் தடவிப் பாத்தாரு. ஒரு பள்ளமும் இல்ல, என்ன கலர் அடிக்கணும்னு கேட்டாரு. இவரு திரும்பி என்னையப் பாத்தாரு.”

“நீ என்ன சொன்னே?”

“மாம்பழ மஞ்சள்னேன்.”