எந்த ஜில்லாக் கணக்குல

அறுநூத்திப் பதினாலுன்னா இன்னும் ரெண்டு வரிசை தாண்டணுமா? சரி தம்பி, நீங்க முன்னால போங்க, நான் மெதுவா வர்றேன். முழங்கால் சொன்ன பேச்சு கேக்கறதில்ல. அட, கையெல்லாம் புடிக்க வேண்டாம். உங்க வேலைய வேற கெடுத்துட்டேன்.

எந்தக் கல்லுலயும் பேரே இல்ல, பாருங்க. வெறும் நம்பர். மனநோய் ஆஸ்பத்திரியில செத்தவங்கன்னு குடும்பத்துக்குக் கெட்ட பேர் வரக் கூடாதுன்னுதான் அப்படிப் பண்ணாங்கன்னு சொல்வாங்க. இருக்கலாம். பேர் வெட்டறவன் எழுத்துக்கு இத்தனைன்னு கூலி கேப்பான், நம்பர்னா மூணே மூணு வெட்டு. அதுவும் ஒரு காரணம்னு நான் நெனைக்கறேன்.

இல்லப்பா, நான் ஆஸ்பத்திரியில வேலை பாத்தவ இல்ல. டார்வெல் ஜில்லா ஆபீஸ்ல இருந்தேன். இருபத்திமூணு வருஷம். இங்கேருந்து மாசாமாசம் ஒரு பில்லு கெளம்பும், அது வந்து என் மேஜையிலதான் விழும். என்ன பில்லா? நல்லா கேட்டீங்க. இங்கயே பன்னெண்டு வருஷமா இருக்கீங்க, உங்களுக்குமா தெரியாது? ஸ்டேட் ஆஸ்பத்திரின்னு வாசல்ல எழுதியிருக்கறதால செலவெல்லாம் ஸ்டேட்டோடதுன்னு எல்லாரும் நெனைச்சுக்கறாங்க. கட்டடம் ஸ்டேட்டு. டாக்டர் ஸ்டேட்டு. காசு மட்டும் ஜில்லா. சோளக்காட்டுக்காரன் கட்டற நிலவரியிலேர்ந்து.

எப்படின்னா, நிலக்கரி, உருளைக்கிழங்கு, சலவை சோப்பு, நர்சு சம்பளம், டாக்டர் சம்பளம், எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டுவாங்க. இங்க எத்தனை பேரு எத்தனை நாள் தங்கினாங்களோ, அதால வகுப்பாங்க. வர்றதுதான் ஒரு ஆளுக்கு ஒரு நாள் ரேட்டு. கட்டிப்போட்டு வெக்கற ஆளுக்கும் அதான், ஜன்னலோரம் சும்மா உக்காந்திருக்கற ஆளுக்கும் அதான். நான் வேலைக்குச் சேர்ந்த அம்பத்தேழுல மூணு டாலர் எண்பது சென்ட்டு. பில்லுல ஒரு வரி, ஒரு பேரு, பக்கத்துல எத்தனை நாள்னு. முப்பத்தொண்ணு, முப்பது, பிப்ரவரின்னா இருபத்தெட்டு. அவ்வளவுதான், வேற ஒண்ணும் இருக்காது. வியாதி என்னன்னு இருக்காது, நல்லா இருக்காங்களான்னு இருக்காது.

அப்புறம் புது மாத்திரை வந்துச்சு. தெளிஞ்சவங்கள வீட்டுக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. ஆயிரத்து எழுநூறு பேரு இருந்த எடத்துல அறுநூறு பேரு. நல்ல விஷயந்தானே. ஆனா பாருங்க, அதே கூரை, அதே பாய்லர், அதே சம்பளம். வகுக்கறதுக்கு ஆளு கொறைஞ்சு போச்சு. போக எடமில்லாம மிச்சம் இருந்தாங்களே, அவங்க ரேட்டு ஏறிக்கிட்டே போச்சு. பதினேழு டாலர் வரைக்கும் பாத்தேன் நான். ஒவ்வொருத்தர் வெளிய போகப் போக உள்ள இருக்கறவங்க பாரமாயிட்டாங்க. அவங்க ஒண்ணுமே பண்ணல, இருந்த எடத்துல இருந்தாங்க.

அப்பத்தான் ஜில்லாவுக்கு ஜில்லா சண்டை வந்துச்சு. சட்டம் என்னன்னா, இங்க சேக்கறதுக்கு முன்னாடி கடைசியா எந்த ஜில்லாவுல ஒரு வருஷம் முழுசா இருந்தாரோ, அந்த ஜில்லாதான் கட்டணும். இங்க சேக்கச் சொல்லி எந்த ஊரு கோர்ட்டு அனுப்புச்சுன்னு கணக்கு இல்ல. அதனால ஒவ்வொரு ஆபீஸ்லயும் ஒரு ஆளு பழைய ஃபைல நோண்டிக்கிட்டே இருப்பாங்க, இவரு நம்ம ஆளு இல்லன்னு எங்கயாச்சும் ஒரு வரி கெடைக்குமான்னு. எங்க ஆபீஸ்ல அது நான்தான். கெட்டிக்காரின்னு பேரு எனக்கு. ஒம்போது பேர வெளிய தள்ளியிருக்கேன். தள்ளறதுன்னா இங்கேருந்து இல்ல தம்பி. எங்க கணக்குலேர்ந்து. அவங்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. இங்க அதே கட்டில்லதான் படுத்திருப்பாங்க.

இன்னொண்ணு இருந்துச்சு, இப்ப அந்த வழக்கம் இல்ல. ஜில்லா போர்டு மீட்டிங் முடிஞ்சா பாஸ் பண்ண பில்லையெல்லாம் உள்ளூர் பேப்பர்ல போடுவாங்க. ரோட்டுக்கு ஜல்லி இவ்வளவு, கோர்ட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி இவ்வளவு, ஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு இன்னாரோட வகையில இவ்வளவுன்னு. பேரோட. வியாழக்கிழமை பேப்பர் வந்தா எல்லாரும் மொதல்ல படிக்கறது அதைத்தான். ஷோபர்னு ஒரு குடும்பம், அந்தப் பொண்ணுக்கு மோதிரம் போட்டு நிச்சயம் ஆயிருந்துச்சு. அவ அப்பா பேரு பேப்பர்ல வந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை அவ சர்ச்சுக்குக் கையில மோதிரம் இல்லாம வந்தா. ரத்தத்துல வர்ற வியாதின்னு அப்ப எல்லாரும் நம்புனாங்க. நானும் நம்புனேன்.

கொஞ்சம் நில்லுங்க தம்பி, மூச்சு வாங்கிக்கறேன்.

இந்த அறுநூத்திப் பதினாலு, அவரு பேரு ஓரின் ஸ்கார். பக்கத்து ஹோல்ம் ஜில்லாலேர்ந்து வந்தவரு, நாப்பத்தெட்டுல. பதினெட்டு வருஷமா ஹோல்ம்காரங்கதான் கட்டிக்கிட்டிருந்தாங்க. வாயத் தொறக்கல. ரேட்டு ஏறினதும் அவங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் ஃபைல எடுத்துட்டாரு. ஜாஸ்ட்ரோன்னு பேரு. அறுபத்தாறு அக்டோபர்ல நேரா எங்க கவுண்டருக்கு வந்து நின்னாரு. தொப்பிய கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப மரியாதையாத்தான் பேசினாரு. அம்மா, இந்த ஸ்காருன்றவர் இங்க வர்றதுக்கு முன்னாடி உங்க ஜில்லாவுலதான் ஒரு வருஷத்துக்கு மேல இருந்திருக்காரு, சொந்தக்காரங்க பண்ணையில, அவரோட தாயார் சேர்க்கறப்ப அப்படித்தான் சொல்லியிருக்காங்கன்னாரு. எந்தச் சொந்தக்காரங்கன்னு கேட்டேன். அது எழுதலம்மா, எழுதினவன் சோம்பேறின்னாரு. அந்தத் தாயாரையே கேக்கலாமேன்னேன். செத்துட்டாங்களாமேன்னாரு. நான் பேனாவ எடுத்துக் குறிச்சுக்கிட்டேன். பாத்துச் சொல்றேன் சார்னு அனுப்பி வெச்சேன்.

எங்க ஆபீசர் மிஸ்டர் டிக்கன் சொன்னாரு, நல்லாத் தேடும்மா, இல்லன்னு வந்தா நல்லதுன்னு. ரெண்டு வாரம் கழிச்சு எங்க ஆபீஸ்லேர்ந்து பதில் போச்சு, அந்த ஆளு எங்க ஜில்லா இல்லன்னு. ஹோல்ம்காரங்க ஒத்துக்கல. நாங்க இனிமே கட்ட மாட்டோம், நீங்க கட்டுங்கன்னுட்டாங்க. ஸ்டேட்டுக்கு மனு போச்சு. ஸ்டேட்டு தீர்ப்பு சொல்ற வரைக்கும் ஆஸ்பத்திரிக்காரங்க ரெண்டு ஜில்லாவுக்கும் பில்லு அனுப்ப ஆரம்பிச்சாங்க. தகராறுன்னு செவப்பு மையில முத்திரை குத்தி. அப்பத்தான் மாசாமாசம் அந்தப் பேரு என் மேஜைக்கு வர ஆரம்பிச்சுச்சு. ஸ்கார், ஓரின், முப்பத்தோரு நாள்.

முப்பத்தோரு நாள்னா மாசம் பூரா உயிரோட இருந்திருக்காருன்னு அர்த்தம். நான் மத்த பேரெல்லாம் விட்டுட்டு அந்த வரியத்தான் மொதல்ல பாப்பேன். பாத்துட்டுத்தான் காப்பி குடிப்பேன்.

இதுல என்ன ஆச்சுன்னா தம்பி, அறுபத்தேழுல இங்க இருந்த ஒரு டாக்டரு ரெண்டு ஜில்லாவுக்கும் ஒரு கடுதாசி போட்டாரு. ஸ்கார் இப்ப தெளிஞ்சுட்டாரு, மாத்திரை சாப்பிடறாரு, மாட்டுத் தொழுவத்துல வேலை செய்யறாரு, கன்னுக்குட்டிங்க அவரைக் கண்டா ஓடி வருதுங்க, டவுன்ல ஒரு பராமரிப்பு வீட்டுல வெச்சா நல்லா இருப்பாருன்னு. அதுக்கு அவரோட சொந்த ஜில்லா ஒரு தாள்ல கையெழுத்துப் போடணும். அந்த வீட்டுக்கு இதுல பாதிச் செலவுதான். பாதி தம்பி. ஆனா எவன் கையெழுத்துப் போடறானோ அவன் ஆளுன்னு ஆயிடும்ல. பழைய பாக்கி பூரா தலையில வந்து விழும். ஹோல்ம் போடல. டார்வெலும் போடல. மிஸ்டர் டிக்கன் அந்தக் கடுதாசிய என்கிட்டக் குடுத்து, ஃபைல்ல வைம்மான்னாரு. வெச்சேன்.

அந்த டாக்டரு விடல. ரெண்டாவது தடவையும் எழுதினாரு. ஸ்காருக்கு முட்டை ரெண்டு பக்கமும் நல்லா வெந்திருக்கணும், மஞ்சக்கரு வழிஞ்சா தொட மாட்டாரு, அதையெல்லாம் கேட்டுச் செஞ்சு குடுக்கற எடமாப் பாக்கணும்ல.

இல்ல, அது கடுதாசியில இல்ல. எனக்கு எப்படித் தெரியும்னா... எங்கயோ கேள்விப்பட்டது.

மூணு வருஷம் இழுத்துச்சு. ஸ்டேட்டு ஆபீஸ்ல எங்கள மாதிரி நாப்பது தகராறு வரிசையில இருந்துச்சு. எழுபதாவது வருஷம் மார்ச்சு மாசம் பில்லு வந்துச்சு, பிப்ரவரிக்கு. பிரிச்சேன். ஸ்கார், ஓரின், ஒம்போது நாள்.

மொதல்ல எனக்குச் சந்தோஷந்தான் வந்துச்சு. வெளிய விட்டுட்டாங்க போல, யாரோ மனசு வெச்சுட்டாங்கன்னு. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன், ஆபீஸ் விஷயமாக் கேக்கற மாதிரி. அந்தப் பொண்ணு தேடிப் பாத்துட்டு, நிமோனியா மேடம், ஒம்பதாம் தேதி காலையில, உறவுக்காரங்க யாரும் எழுதியிருக்கல அதனால எங்க மயானத்துலயே வெச்சுட்டோம், நம்பர் வேணுமான்னா. வேணும்னேன். குறிச்சுக்கிட்டேன். அப்புறம் அவளே சொன்னா, மேடம், பொணப்பெட்டிச் செலவு எந்த ஜில்லாக் கணக்குல எழுதறதுன்னு எங்களுக்கு இன்னும் தெரியலன்னு.

என்ன சொன்னேனா? போன வெச்சுட்டேன். ஏப்ரல்ல ஸ்டேட்டு அந்த மனுவ மூடிடுச்சு, ஆளு இல்லன்னு. எந்த ஜில்லான்னு கடைசி வரைக்கும் யாரும் தீர்ப்பு சொல்லல. அந்த வருஷ முடிவுல மிஸ்டர் டிக்கன் என்னைக் கூப்பிட்டு, ஒரு ஆளுக்கு இருபத்திரண்டு வருஷப் பாக்கிய மிச்சம் பண்ணிக் குடுத்தீங்கன்னு எல்லார் முன்னாடியும் கை குலுக்கினாரு. மேஜையில கேக்கு வெட்டினாங்க.

இதுதான் கல்லா? சின்னதா இருக்கே. புல்லு மூடிடுது போல. இல்ல, நீங்க வெட்டாதீங்க, இருக்கட்டும்.

நெஜமாவே தேடினீங்களான்னா கேக்கறீங்க? தேடினேன் தம்பி. வரி ஏட்டுல பாத்தேன், ஓட்டர் லிஸ்ட்டுல பாத்தேன், மில்லுக் கூலிப் பட்டியல் வரைக்கும் பாத்தேன். ரெண்டு வாரம் மிஸ்டர் டிக்கன் பாக்கற மாதிரி உக்காந்து பக்கம் பக்கமாப் புரட்டினேன். பதிவு எதுவும் இல்லன்னு எழுதினேன், அதுல ஒரு எழுத்து பொய் கெடையாது. எங்க வீட்டு மாடி ரூம்ல தங்கியிருந்தவனுக்கு யாரு பதிவு வெப்பா.

பதினாலு மாசம் இருந்தான். போர் முடிஞ்சு வந்தவன் வீட்டுல ஒட்ட முடியல, எங்க பண்ணைக்கு வந்துட்டான். சமையக்கட்டுக்கு மேலதான் அந்த ரூமு. ராத்திரியெல்லாம் நடப்பான். கைக்கொழந்தைய வெச்சிருந்தேன், பயமாப் போச்சு. கிளிஃபர்ட், என் வீட்டுக்காரரு, ஒரு நாள் அவன வண்டியில ஏத்திக்கிட்டுப் போய் ஹோல்ம்ல எங்கம்மா வீட்டுல விட்டுட்டு வந்துட்டாரு. மூணு வாரத்துல ஹோல்ம் கோர்ட்டு இங்க அனுப்பிடுச்சு. கல்யாணம் ஆனா பொண்ணோட குடும்பப் பேரு மாறிடும்ல, டார்வெல்ல எவனுக்கும் நான் ஸ்கார் வீட்டுப் பொண்ணுன்னு தெரியாது. எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். ஜாஸ்ட்ரோ வந்து நின்னப்ப என் பொண்ணுக்குக் கல்யாணத் தேதி குறிச்சு எட்டு நாளு ஆயிருந்துச்சு. அவ இப்ப சிகாகோல இருக்கா. நல்லா இருக்கா. அவளுக்கு ஒரு மாமன் இருந்தான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

கிளிஃபர்ட் இந்த ஏப்ரல்ல போயிட்டாரு. டவுனுக்குக் குடி வந்தப்ப மாடி இல்லாத வீடாப் பாத்து வாங்குங்கன்னு சொன்னேன் அவர்கிட்ட. எதுக்குன்னு அவரும் கேக்கல. பதினாலு வருஷமா அந்த வீட்டுலதான் இருக்கேன். இன்னமும் மேல நடக்கறான் தம்பி.

ஆமா, அண்ணன்தான். ரெண்டு வயசு மூத்தவன். அழுவல, காத்து அடிக்குது. நீங்க போங்க, உங்களுக்கு வேலை கெடக்கும். இனிமே நான் பாத்துக்கறேன்.