முகூர்த்த நாளில் பூட்டிய அறை

கல்யாண மண்டபம் நடத்துகிறவன் முதலில் செய்ய வேண்டிய காரியம், கழிப்பறை எந்தப் பக்கம் என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டுவதுதான். மாட்டாவிட்டால் விருந்துக்கு வந்தவர்கள் கண்ணில் பட்ட கதவையெல்லாம் திறந்து பார்ப்பார்கள். மாட்டினாலும் திறந்து பார்ப்பார்கள், அது வேறு விஷயம். பின்கட்டின் கடைசி அறைக்கு வெளியிலிருந்து பூட்டு எதற்கு என்று கேட்டீர்கள் அல்லவா, இன்ஸ்பெக்டர் மேடம்? இதுதான் முதல் காரணம்.

என் பெயர் குமரவேல். மேற்குத் தாம்பரம் வைத்தி பங்களாவின் மேனேஜர். நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். நான் எப்போதும் நிதானம்தான்.

இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் முளைத்துவிட்டதால் உங்களுக்கு அது வெறும் மண்டபமாகத் தெரியலாம். நெல் வியாபாரத்தில் கொழித்த வைத்தீஸ்வரன் என்பவர் கட்டிய மாளிகை அது. தூண்களை இரண்டு ஆள் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. யுத்த காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கினார்களாம். நீங்கள் சீல் வைத்திருக்கும் அந்தக் கடைசி அறையில்தான் பிராந்திப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்களாம். பிறகு பெண்கள் பள்ளிக்கூடம் நடந்தது. அப்போது அந்த அறையில் உடைந்த பெஞ்சுகள். அப்புறம் கொஞ்ச காலம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். அந்த மாடிப்படியில் எத்தனையோ ஜமீன்தார்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உருண்டிருக்கிறார்கள். விழுந்தவர் எழுந்து டீ குடிப்பார், மறுபடியும் விழுவார்.

அதற்கும் ஆள் வராமல் போய் வௌவால் குடியேறியபோது, கல்யாண மண்டபம் ஆக்கலாம் என்று சொன்னவன் நான். சுண்ணாம்பு அடித்ததும், மேடை கட்டியதும், பார்க்கிங்குக்குத் தோட்டத்தைச் சமப்படுத்தியதும் நான். பத்திரத்தில் மட்டும் தையல்நாயகி அம்மா பெயர். வைத்தீஸ்வரனின் பேத்தி. சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. மண்டபம் ஆனதும் முன்கட்டு முழுவதையும் விட்டுவிட்டுக் கடைசி அறைக்குக் குடிபோனார். அவராகவேதான் போனார். நான் எடுத்துச் சொன்ன பிறகு, அவராகவே போனார்.

தாலி கட்டும் நேரத்தில் கணவரை இழந்தவர் எதிரே வந்தால் பெண் வீட்டார் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வாடகை கொடுத்தவர்களுக்கு இருக்கிறது, நான் என்ன செய்ய? முதலில் வெளித் தாழ்ப்பாள் மட்டும் போட்டேன். பிறகு பூட்டு.

"என்ன குமாரு, என்னைய உள்ள வெச்சிப் பூட்டிட்டுப் போறே?" என்று முதல் தடவை கேட்டார்.

"கூட்டம்மா. எவனாவது பாத்ரூம்னு நெனச்சி உள்ள பூந்துருவான்."

சிரித்தார். "சரி போ. பாயசம் ரெண்டு டம்ளரா அனுப்பு."

அந்த அளவுக்கு எங்களுக்குள் ஒற்றுமை இருந்தது. அதைக் கெடுத்தது டாக்டர் மிருதுளா. அம்மாவின் இதயத்தைப் பார்க்க வந்தவர், பார்த்து முடித்த பிறகும் உட்கார்ந்து பேசினார். ஒரு டாக்டருக்கு அவ்வளவு நேரம் ஏது என்று எனக்கு உறுத்தியது. நான் வந்தால் பேச்சு நின்றுவிடும். நான் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை மேடம். ஆனால் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் குரோட்டன்ஸ் தொட்டிகள் இருக்கின்றன, தண்ணீர் ஊற்றாமல் விட முடியுமா? வீடு, பத்திரம், படுக்கைகள் என்று துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. வீட்டை எழுதி வாங்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அப்படி இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கொள்ளை என்றால் புரிந்துகொள்ள முடியும்.

ஒருநாள் அம்மாவே கூப்பிட்டுச் சொன்னார். "கல்யாணம் நடத்துனது போதும் குமாரு. இனிமே தேறாதுன்னு ஆஸ்பத்திரியில அனுப்பிடறாங்கல்ல, அவங்க வந்து தங்கட்டும். டாக்டரம்மா பாத்துப்பாங்க. கடைசி நேரத்துல பக்கத்துல ஒரு ஆள் வேணாமா?"

"அப்ப நான்?"

"உனக்கு வேலை இல்லாமலா? அவங்களப் பாத்துக்க நம்பிக்கையான ஆள் வேணும். நீதான் இருக்கணும்."

பன்னீர் தெளித்து வரவேற்ற கையில் பெட்பேனைக் கொடுக்கிறார். அதையும் அன்போடு கொடுக்கிறார். எனக்கு ஆத்திரம் வந்தது, உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் அவரிடம் காட்டவில்லை. அத்தனை பெண்கள் மாலையோடு நடந்த கூடத்தில் வரிசையாகச் சாவுகளா? அந்த வீட்டுக்கு யார் பரிந்து பேசுவது? அடுத்த திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ் போவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள், ஞாயிறு, தேவதர்ஷினி என்ற பெண்ணின் கல்யாணம்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். கேஸ் என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்தேன். அப்படி ஏதாவது சொன்னால் உடனே கூப்பிட வேண்டும் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தது உண்மைதான். வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. மாப்பிள்ளை அழைப்பு வரும் நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து நிற்பதை யோசித்துப் பாருங்கள்.

காலையில் வழக்கம்போல் பூட்டினேன். அவருடைய செல்போன் என் ஆபீஸ் அறையில் சார்ஜில் இருந்தது. நான்தான் எடுத்துப் போய்ப் போட்டேன். அவர் அறையில் பிளக் பாயின்ட் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். சரியாக வேலை செய்வதில்லை என்று நினைத்தேன்.

மேடைக்குப் பக்கத்தில், பின்கட்டுக்குப் போகும் வாசலில் நின்றிருந்தேன். அங்கேதான் தட்டும் சத்தம் கேட்டது. என்னைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது. கெட்டிமேளம் எதற்கு என்று உங்களுக்கும் தெரியும். தாலி ஏறும் நேரத்தில் தும்மல், அழுகை, அபசகுனமான பேச்சு எதுவும் மணமக்கள் காதில் விழக்கூடாது. அதற்காகத்தான் பெரியவர் யாராவது ஆள்காட்டி விரலை ஆட்ட, மேளக்காரர்கள் காது கிழிய வாசிக்கிறார்கள். நான் விரலை ஆட்டினேன். தவில்காரர் சக்திவேல் வெளுத்து வாங்கினார். தாலி கட்டும் நேரத்தில் உள்ளே ஒரு உயிர் தவித்தது என்று தெரிந்தால், அந்தப் பெண்ணை ஆயுசுக்கும் ராசியில்லாதவள் என்பார்கள். அவளுக்காகத்தான் செய்தேன்.

பாயசம் அனுப்பினாயா என்று கேட்டீர்கள். எடுத்து வைத்தேன். கடைசிப் பந்தி முடிந்து, தாம்பூலப் பையெல்லாம் கொடுத்து, பெண் வீட்டார் வேன் கிளம்பிய பிறகு போய்ப் பூட்டைத் திறந்தேன். கதவைக் கொஞ்சம் பலமாகத் தள்ள வேண்டியிருந்தது. அவர் கதவோடு சாய்ந்திருந்தார்.

விஷயம் கேள்விப்பட்டு அந்தப் பெண் தேவதர்ஷினி மஞ்சள் கயிறு காய்வதற்குள் ஓடி வந்தாள். "ஏன் அங்கிள் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாத்தையும் நிறுத்திட்டு நானே வந்து கதவத் தொறந்திருப்பேனே" என்று அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது. நன்றி சொல்ல வேண்டியவள். வயசு போதவில்லை, போகப் போகப் புரியும்.

இப்போது அசார் எடுத்த கல்யாண வீடியோவை லேப்டாப்பில் ஓட்டிக் காட்டுகிறீர்கள். நல்ல பையன், மேடையை மட்டும் எடுக்காமல் சபையையும் எடுத்திருக்கிறான். இதோ, மூலையில் பட்டு வேட்டியோடு நிற்பது நான்தான். விரல் மேலே இருக்கிறது. மாப்பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காக இன்னும் சபையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது வரிசையில் ஒரு பாட்டி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். முன்வரிசையில் சிலர் அவசரப்பட்டு அட்சதையைப் போட்டுவிட்டு முழிக்கிறார்கள்.

சக்திவேல் என்னைப் பார்த்து ஏதோ கேட்கிறார் பாருங்கள். "இன்னும் தாலியே வரலியே சார்" என்றார். "நீ வாசிப்பா" என்றேன். விரலை இறக்கவில்லை.

அங்கேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். சரி மேடம். தட்டியது மட்டும் இல்லை, "குமாரு, குமாரு" என்று கூப்பிட்டார். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. பின்கட்டில் சத்தம் அடங்கும்வரை வாசிக்கச் சொன்னேன். அதற்கப்புறம் தட்டு மேடைக்கு வந்து, தாலி கட்டும்போது மறுபடியும் வாசித்தார்கள். பெண்ணுக்காக வாசித்தது அந்த இரண்டாவது மேளம்தான்.