மாடிப்படி தின்ற மூலை

– அதை எதுக்குப் பெட்டியில போடுற? அது உடைஞ்ச விளக்கு.

– உடையலம்மா. பல்புதான் இல்ல. இதைப் போய் எப்படித் தூக்கிப் போடுறது? ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக் கூட இறக்காம இதைத்தான் முதல்ல போடுவேன்.

– ஆமாமா. கரண்ட் பில் கட்டினவளைக் கேளு.

– இதோ, இந்தச் சாய்ஞ்ச சுவரு பக்கத்துல, ஸ்டூல் மேல வைப்பேன். மோக் மாமி சொல்லிக் குடுத்தது. 'யிங், உங்க வீட்டுக்கு வடமேற்கு மூலையே இல்ல பாரு, மாடிப்படி அதைத் தின்னுடுச்சு. வடமேற்குதான் அப்பாவோட மூலை. அது இல்லாத வீட்டுல அப்பா எப்படித் தங்குவாரு? அங்க ஒரு வெளிச்சத்தை வை, மூலை வளரும்'னாங்க.

– அவளுக்கு வேற என்ன வேலை. ரெண்டாவது மாடியில உக்காந்துக்கிட்டு ஆறு மாடிக்கும் ஃபெங் சுயி வாஸ்து சொன்னா. அவ வீட்டுல எல்லா மூலையும் இருந்துச்சு. மூலைக்கு ஒரு கரப்பான்பூச்சிக் குடும்பம்.

– நீ மட்டும் குறைச்சலா? கக்கூஸ் மூடி திறந்திருந்தா காசு ஓடிடும். கட்டில்ல கால் வாசலைப் பாத்து நீட்டினா பொணம். அடுப்புக்கு நேர் எதிர்ல குழாய் இருந்தா புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை. அரிசிப் பானையை எங்க வைக்கிறதுன்னு ஃபெங் சுயி பாக்குற கோங் வாத்தியாரை வரவழைச்ச. அந்த மனுஷன் திசைகாட்டியை ஏந்திக்கிட்டு அரை நாள் நம்ம சமையக்கட்டுல நின்னாரு. நான் அவர் காலுக்கு நடுவுல புகுந்து போய்த் தண்ணி குடிச்சேன்.

– அரிசி விஷயமாச்சே.

– கேளேன். அரிசிப் பானைக்கு வாத்தியாரைக் கூப்பிட்ட நீ, வீடு பாக்குறப்ப கூப்பிடல. அதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. முன்னாடி தோ குவா வான்ல நல்ல சதுர வீடு, கடல் காத்து. அதை விட்டுட்டு இந்த ஷாம் சுய் போவுக்கு வந்து, லிஃப்ட் இல்லாத கட்டடத்துல, மூலை வெட்டுப்பட்ட வீட்டைப் பிடிச்ச.

– வாடகை கம்மி. அவசரம். எத்தனை தடவை சொல்றது?

– அப்பா வந்த அன்னைக்கே சொன்னார், 'இது வீடா, புறாக்கூடா'ன்னு. ஒரு வருஷம் கூட முழுசா ஆகல. எல்லை தாண்டி டோங்குவான்ல வேலைன்னு பெட்டியைத் தூக்கிட்டுப் போனவர்தான்.

– போனவரு போனவருதான். கிடக்கு விடு. அந்த டேப்பைக் குடு, இந்தப் பெட்டியை ஒட்டிடலாம். கட்டடத்தையே இடிக்கப் போறான். இனிமே மூலை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன.

– எனக்கு அப்படி இல்லம்மா. இந்த வீட்டு மேல எனக்கு ரொம்ப நாள் கோபம். இதுதான் அவரைத் துரத்திடுச்சுன்னு நெனச்சேன். சில சமயம் உன் மேலயும் வரும். இன்னைக்கு இதை விட்டுப் போறப்ப பாரு, ஒவ்வொண்ணையும் தடவிப் பாத்துட்டிருக்கேன். இந்த ஜன்னல்ல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதினது, நீ மிஷின்ல தைச்சுக்கிட்டே தாமரைக்கிழங்கு சூப்பைக் கிண்டச் சொல்லிக் கத்துறது, கீழ துணிக் கடைக்காரன் கூவுறது. எல்லாம் இருந்துச்சு. அப்பா ஒருத்தர்தான் இல்ல.

– சூப்பு அடிப்பிடிக்காம நீ ஒரு நாளாவது கிண்டினியா?

– தோ குவா வான் வீட்டுல எனக்கு நெனவு இருக்கிறதெல்லாம் நல்லதுதான். ஞாயித்துக்கிழமை அப்பா வாத்து வறுவல் வாங்கிட்டு வருவார். தொடை எனக்கு. யார் கேட்டாலும் குடுக்க மாட்டார், 'இது என் பொண்ணோட கால்'னு சொல்லுவார். தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு படகுத்துறைக்குப் போவார். அப்புறம் அந்த சோயா சாஸ். குதிரைப் பந்தயம் இருக்கிற புதன்கிழமை ராத்திரி, அப்பா வந்து செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டதும் நீ என்னை சோயா வாங்க அனுப்புவ. கடைக்காரர் என்னை அரிசி மூட்டை மேல உக்கார வெச்சு இஞ்சி மிட்டாய் குடுப்பார். 'அவசரம் இல்ல, மெதுவா போ'ம்பார். திரும்பி வந்தா அப்பா தூங்கிட்டிருப்பார், நீ தரையைத் துடைச்சிட்டிருப்ப. வீடே அவ்வளவு அமைதியா இருக்கும்.

– ம்.

– இங்க குடி வந்தப்ப ஒரு பெட்டி முழுக்க சோயா பாட்டில்தான் வந்துச்சு. மூட்டை தூக்குற ஆளு, 'என்னம்மா, கடை வைக்கப் போறீங்களா'ன்னு கேட்டான்.

– சோயா கெட்டுப் போகாது.

– சரி, அம்மா. புது வீட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும். உக்காரேன்.

– நின்னுக்கிட்டே கேக்குறேன். இந்தத் தட்டெல்லாம் பேப்பர்ல சுத்தணும்.

– கோங் வாத்தியாரோட பையன்கிட்ட வரைபடத்தைக் காட்டினேன். எல்லா மூலையும் முழுசா இருக்குன்னு சொன்னார். வடமேற்குல தனியா ஒரு அறையே இருக்கு. நல்ல வெளிச்சம்.

– நீயும் நானும் ரெண்டு பேரு. மூணு அறை எதுக்கு? நானே கேக்கணும்னு இருந்தேன்.

– அப்பாவைப் பாத்தேன்.

– அந்தப் பெரிய தட்டை இப்படிக் குடு.

– புது வருஷத்துக்கு முன்னாடி ஃபோன் பண்ணினார். அப்புறம் ரெண்டு மூணு தடவை டீக்கடையில பாத்தோம். உன்கிட்ட சொல்லல, தப்புதான். டோங்குவான்ல அவருக்கு யாரும் இல்லம்மா. அங்க அவர்கூட இருந்த பொம்பளையும் விட்டுட்டுப் போயிட்டாங்க. இருமிக்கிட்டே இருக்கார். 'உங்கம்மா என்னைச் சேத்துப்பாளா'ன்னு கேட்டு அழுதார். அம்மா?

– டேப் தீந்துடுச்சு. வேற இருக்கா?

– இருக்கு. இந்தா. நீ திட்டணும்னா திட்டு.

– எதுக்குத் திட்டணும்? உங்கப்பா. நீ பாக்குற.

– இப்ப கீழதான் இருக்கார். முனையில இருக்கிற டீக்கடையில. நீ சரின்னு சொன்னா கூப்பிட்டுக்கலாம்னு வரச் சொன்னேன்.

– ஆறு மாடி ஏற மாட்டாரு. அப்பவே மூச்சு வாங்கும்.

– விளையாடாதம்மா. எனக்கு நாப்பது தாண்டிடுச்சு. ஒரே மேசையில மூணு கிண்ணம் வெச்சு சாப்பிடணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். சின்ன வயசுல அந்த விளக்கைப் போட்டது, அந்த மூலையில மணி கட்டினது எல்லாம் அதுக்குத்தான். நீ ஒரு வார்த்தை சொல்லு.

– முதல்ல அந்த அலமாரியை நகத்து. பின்னாடி ஏதாவது விழுந்து கிடக்கும். வேண்டாம், இரு, நானும் ஒரு கை பிடிக்கிறேன்.

– நீ தள்ளி நில்லு. ஃபாக்டரியில விழுந்து அடிபட்ட அந்தத் தோளை வெச்சுக்கிட்டு அலமாரி தள்ள வந்துட்ட. நானே தள்ளிடுறேன். ஐயோ, எவ்வளவு தூசி. என்னமோ இருக்கும்மா, பேப்பர்ல சுத்தியிருக்கு.

– அதை அப்படியே வை.

– கண்ணாடி. என் கண்ணாடிம்மா இது.

– நான் மறந்தே போயிட்டேன்.

– புது வருஷத்துக்குச் சிவப்பு உறையில வந்த காசையெல்லாம் சேத்து வாங்கினது. மாடிப்படி சுவத்துல கண்ணாடி மாட்டினா சுவரு மறைஞ்சு மூலை தெரியும்னு மோக் மாமி சொன்னாங்க. மாட்டினேன். மறுநாள் ஸ்கூல்ல இருந்து வந்தா காணோம். ஆளுங்க மாடிப்படியில மூட்டை தூக்கிட்டுப் போனாங்க, அந்த அதிர்வுல விழுந்து உடைஞ்சிடுச்சுன்னு நீ சொன்ன. நான் மூணு நாள் அழுதேன். இதுல ஒரு கீறல் கூட இல்லையேம்மா.

– இல்ல.

– அப்ப நீதான் கழட்டினியா?

– ஆமா.

– அந்த விளக்கு? ராத்திரி எரிய விட்டுத்தான் தூங்குவேன். காலையில பாத்தா அணைஞ்சிருக்கும். பல்ப் தளர்ந்திருக்கும். அதுவும் படிக்கட்டு அதிர்வுன்னு சொன்ன.

– ஒரு சுத்து கழட்டி விடுவேன். நீ தூங்கினப்புறம்.

– தினமுமா?

– நீ தினமும் போட்டியே.

– அப்பா வரக்கூடாதுன்னுதானா? அதுக்கு முதல்லயே என்னைத் தடுத்திருக்கலாமே. விளக்கைத் தூக்கி வெளிய போட்டிருக்கலாமே.

– எப்படிப் போடுறது? அவ்வளவூண்டு பொண்ணு, அப்பா வரணும்னு விளக்கு வைக்கிறா. பாத்துட்டு அணைக்கிறதுக்கு மனசு வருமா? அதனால நீ முழிச்சிருக்கிற வரைக்கும் உன் இஷ்டம், எரியட்டும். நீ தூங்கினதும் என் இஷ்டம். அப்படியே ரெண்டு பேருக்கும் ஓடிடுச்சு.

– ஏன்? அவர் உன்னை என்ன பண்ணினார்?

– கிடக்கு விடு.

– விட மாட்டேன். கீழ உக்காந்திருக்கார்மா. நான் என்ன சொல்லணும் அவர்கிட்ட?

– ஃபாக்டரியில நான் ஒரு நாளும் விழல, யிங்.

– அப்ப அந்தத் தோளு?

– ஒரு புதன்கிழமை. அவர் பணம் கட்டின குதிரை கடைசியா வந்துச்சு. நீ சோயா வாங்கப் போயிருந்த.

– நான் வந்தப்ப நீ தரையைத் துடைச்சிட்டிருந்தியேம்மா.

– அழாத. பழசு அதெல்லாம். மழை வந்தா மட்டும் வலிக்கும்.

– கடைக்காரருக்குத் தெரியுமா? அதான் மிட்டாய் குடுத்து உக்கார வெச்சாரா?

– நல்ல மனுஷன். நான் ஒண்ணும் சொன்னதில்ல. அவருக்கே தெரிஞ்சிருந்துச்சு.

– ஒரு பெட்டி முழுக்க பாட்டில்மா.

– எண்ணாத.

– நான் பாரு, வீடு அமைதியா இருக்கும்னு சொல்லிட்டிருக்கேன். அந்த ராத்திரியெல்லாம் நெனச்சு இத்தனை வருஷம் ஏங்கியிருக்கேன். நீ ஒரு தடவை சொல்லியிருக்கலாமே.

– சொல்லி? உனக்கு இருந்தது அந்த ஒரு அப்பாதான். வாத்துத் தொடை குடுத்தவரு, தோள்ல தூக்கிட்டுப் போனவரு. அதுவும் பொய்யில்லையே. நெஜமாத்தான் குடுத்தாரு, நெஜமாத்தான் தூக்கினாரு. உன் மேல அவர் கை பட்டதில்ல. இருந்த நல்லதையும் உன்கிட்ட இருந்து பிடுங்கிடணுமா? எனக்கு முடியல.

– ஃபோன் அடிக்குது. அவர்தான்.

– எடு.

– இல்ல. இதை ஃபோன்ல சொல்லக் கூடாது. நேர்ல போய்ச் சொல்லிட்டு வரேன்.

– சத்தம் போடாம சொல்லு. வயசான மனுஷன். டீக்குக் காசைக் குடுத்துடு. இருமல்னு சொன்னியே, பக்கத்துக் கடையில பேரிக்காய் வேக வெச்சுக் குடுப்பான், அதை வாங்கிக் குடு. புது வீட்டு முகவரி குடுத்துட்டியா?

– இன்னும் இல்ல.

– குடுக்காத. நீ எப்ப வேணா போய்ப் பாரு, வாத்து வாங்கிக் குடு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். வீட்டுக்கு மட்டும் வேண்டாம்.

– வரமாட்டார்மா. அந்த வடமேற்கு அறையை என்ன பண்றது?

– வெளிச்சம் நல்லா இருக்குன்னியே. என் தையல் மிஷினைப் போடு.

– சரி. விளக்கு?

– எடுத்துக்க. பல்ப் நான் வாங்கிப் போடுறேன். இனிமே கழட்ட மாட்டேன்.

– இறங்கப் போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அரிசிப் பானைக்கே வாத்தியாரைக் கூப்பிடுறவ நீ. இந்த வீட்டை அவர்கிட்ட காட்டவே இல்லைங்கிறதை என்னால நம்ப முடியல.

– காட்டினேன்.

– காட்டினியா? அப்ப எப்படி இதை எடுக்க விட்டார்?

– எங்க விட்டாரு? அவர்தான் என்கூட ஆறு மாடி ஏறி வந்தாரு. திசைகாட்டியை இந்தச் சுவருக்கு நேரா வெச்சுப் பாத்தாரு, மூஞ்சியே மாறிடுச்சு. 'இது வேண்டாம்மா, குடும்பத் தலைவனோட மூலை இல்ல, ஒரு வருஷத்துக்குள்ள உன் புருஷன் வீட்டை விட்டுப் போயிடுவான்'னாரு. நான் அவரை இன்னொரு தடவை நல்லா பாத்துச் சொல்லச் சொன்னேன். பாத்துட்டு, சந்தேகமே இல்லைன்னாரு. வீட்டுக்கார அம்மா இதோ, நீ நிக்கிற அந்த வாசல்லதான் நின்னுட்டிருந்தாங்க. அவங்க கையில அப்பவே அட்வான்ஸைக் குடுத்துட்டேன்.