தாஸ்புலாக் வளைவுக்கு ஒரு வாழ்த்து

அலதாவ் மலையடி நகரின் இலகு ரயில் நீட்டிப்புத் திட்டத்தை நெஞ்சில் சுமந்த நெறியாளரே! வரைபடம் வகுத்த வல்லாளரே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் மதிப்புக்குரிய சாபர்காலி பெருந்தகையே, மரியாதையும் அன்புமாய் நாங்கள் அழைக்கும் எங்கள் சாபெக்கே! வணக்கம்.

நாற்காலி தேய உழைத்தீர் என்று எழுதுவது மரபு. தங்கள் நாற்காலி இன்னும் புதிதாகவே இருக்கிறது. தேய்ந்தவை தங்கள் செருப்புகள். இத்தனை ஆண்டுத் தவத்தில் ஒரு முழத் தண்டவாளம்கூட விழவில்லை என்பாரும் உளர். விழவில்லைதான்! ஆனால் அடிக்கல் நாட்டாத அமைச்சரும் இல்லை, அந்தக் கற்களில் அமர்ந்து ஆப்பிள் தின்னாத பொறியாளரும் இல்லை.

நகரிலிருந்து புறநகர் நோக்கி நூல் பிடித்தாற்போல் ஓடும் தங்கள் கோடு, தாஸ்புலாக் சிற்றூரில் மட்டும் ஏன் வளைந்தது? இக்கேள்வியால் எங்கள் வரைகலை அறையில் வேலை கெட்டது.

"மாமியார் வீடு அங்க இருக்கும்டா," என்றார் துய்சென்.

"மாமியார் வீடுன்னா கோடு அந்தப் பக்கமே போயிருக்காதே!" என்றார் மரியாஷ்.

தங்களைக் கேட்டால், "தேநீர் ஆறுது, குடிங்க" என்பதே விடை.

சென்ற வாரம் தாஸ்புலாக்கிலிருந்து பாத்திஷ் அக்காள் அலுவலகம் வந்தார். "எங்க வளைவு பத்திரமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தாமாகவே சொன்னார்: "முதல்ல உங்க சாபெக்கே நேர்கோட்டோடதான் வந்தாரு. நல்ல விருந்தாளியாச்சே, இன்னும் இருக்கட்டும்னு கிண்ணத்து அடியில கொஞ்சங்கொஞ்சமா டீ ஊத்திட்டே இருந்தேன். படத்தை விரிச்சாரு. ஸ்டேஷன் ஓடைக்கு அந்தப் பக்கம்! பனி விழுந்தா பிள்ளைத்தாச்சி எப்பிடித் தாண்டுவா? அடுத்த கிண்ணத்தைத் தளும்பத் தளும்ப ஊத்தினேன். குடிச்சுட்டுக் கிளம்புன்னு அர்த்தம், தெரியாதா? மனுஷன் மறுபேச்சில்லாமக் குடிச்சாரு, கிளம்பினாரு. திரும்பி வந்தப்ப கோடு ஓடைக்கு இந்தப் பக்கம் வளைஞ்சிருந்துச்சு."

கேள்விக்கு விடை கிடைத்தது. கூடவே கவலையும் வந்தது. அயல்நாட்டில் கற்றுத் தேர்ந்த நம் புதிய இயக்குநர் பெருமகனார், தாங்கள் ஓய்வு பெற்றதும் வளைவை நிமிர்த்திப் பயணத்தை விரைவாக்க விரும்புகிறார். அதற்காக மக்கள் கருத்தறிய அவரும் பாத்திஷ் அக்காள் வீட்டுக்குச் சென்று, மலர்ந்த முகத்தோடு மீண்டு முழங்கினார்: "என்ன உபசாரம்! என்ன அன்பு! நேர்கோடுன்னு சொன்னதுமே கிண்ணம் வழிய ஊத்திட்டாங்கப்பா!" அது 'மக்களின் மகிழ்ச்சியான ஒப்புதல்' என்று கூட்டக் குறிப்பிலும் ஏறிவிட்டது. அன்று நாங்கள் சிரிப்பை அடக்க இருமினோம். தாங்கள் மட்டும் சன்னலைப் பார்த்தீர்கள்.

வளைந்து கொடுத்தும் வணங்கிக் கிடக்காத வித்தகரே! தங்கள் தோளில் நாங்கள் போர்த்தும் இந்தச் சபான் அங்கி போல் நலம் தங்களைச் சூழ்க! முதல் வண்டியில் தாங்கள் சன்னலோரம் அமர்ந்து, தாஸ்புலாக்கில் பாத்திஷ் அக்காளோடு இறங்குக! செல்லும் வீடெல்லாம் தங்கள் கிண்ணத்தின் அடியில் கொஞ்சமே ஊற்றுக!

தேநீர்ச் சமோவார் கொதிக்கிறது. தங்களுக்குக் கொஞ்சமாக ஊற்றிவிட்டோம். அடுத்துப் பேச எழும் இயக்குநர் பெருமகனாருக்கும் கிண்ணம் காத்திருக்கிறது. எவ்வளவு ஊற்றுவது என்பதை, வளைவு பற்றி அவர் உரைக்கப்போவதைக் கேட்டபின் முடிவு செய்வோம்.

கெண்டியைக் கையில் ஏந்தியபடி,
வரைகலை அறைத் தோழர்கள்