தொட்டிக்கு அடியில் ஒரு கீறல்

அன்பும் அறிவும் அணிசெய்யும் அவைத் தலைவர் சுந்தரேசன் அவர்களே, பேகம்பேட் நெரிசலைக் கடந்து வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை ஒத்திவைத்து வந்திருக்கும் தாய்மார்களே, ராமச்சந்திராபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய தோழர்களே, எல்லோருக்கும் இந்த ரோஸ்லினின் வணக்கம்.

'வேர் வளர்த்த வித்தகி' என்று பட்டம் தந்தீர்கள். பொன்னாடை போர்த்தினீர்கள். எதற்காக? கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவுக்குள் இரண்டு மரபணுக்களைப் புகுத்தினேன். ஒவ்வொன்றும் ஒரு நொதியை உண்டாக்கும். இரு நொதிகளும் இணைந்தால் செடியின் வளர்ச்சி ஹார்மோன் பிறக்கும். அந்தப் பாக்டீரியாவை ஊற்றிய தொட்டியில், சாதாரண பாக்டீரியா ஊற்றிய தொட்டியைவிடத் தக்காளி வேர் மூன்று மடங்கு நீண்டது என்றேன். கைதட்டினீர்கள்.

அந்தக் கைதட்டலைத் திருப்பித் தரவே இங்கு நிற்கிறேன்.

ஏன் என்கிறீர்களா? சொல்கிறேன். இன்று மதியம், மல்லாபூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், விழாவில் காட்டப் படமெடுக்க உயரமான செடியைத் தொட்டியோடு தூக்கினார் உதவியாளர் சாம்பசிவம். தூக்கியவர் அடியைப் பார்த்தார்.

"மேடம், இது மரபணு போடாத சும்மா பாக்டீரியா ஊத்துன தொட்டி. மொத நாளே அடியில ஆணியால கீறி வச்சேன், பாருங்க."

பார்த்தேன். கீறல் இருந்தது. தண்ணீர் பட்டதால், தொட்டிகளில் ஒட்டிய பெயர்ச் சீட்டுகளில் மை அழிந்திருந்தது ஒரு நாள். புதுச் சீட்டு எழுதியது யார்? நான். எதைப் பார்த்து எழுதினேன்? வளர்த்தியைப் பார்த்து எழுதினேன். உயர்ந்ததெல்லாம் என்னுடையது, குட்டையெல்லாம் சாதாரணம் என்று எழுதினேன். உடனே மண்ணைச் சோதித்தோம். குட்டைச் செடியின் மண்ணில்தான் ஹார்மோன் குவிந்து கிடந்தது. அளவாக இருந்தால் வேரை வளர்ப்பது, அளவு மீறியதால் வேரையே முடக்கிவிட்டது.

"இதை மேடையிலயா சொல்லணும்?" என்று மெல்லக் கேட்கிறார் தலைவர். ஐயா, மேடையில்தானே பட்டம் வாங்கினேன்? நாளை வயல் சோதனைக்கு விண்ணப்பம் போகவிருந்தது. என் கையெழுத்தை நம்பி ஒருவர் நட்ட நாற்று முடங்கியிருக்கும். வேலை போய்விடுமா என்கிறார் ஓர் அம்மா. போகலாம், அம்மா.

கடைசி வரிசையில் சாம்பசிவம் இருக்கிறார். இன்று மதியம் வரை அவரை விழாவுக்கு அழைக்க எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பொன்னாடை அவருக்கு உரியது. வாருங்கள், சாம்பசிவம்.

வரமாட்டேன் என்கிறார். கேட்டீர்களா? "நக்கோ, வேணாம் மேடம், மொதல்ல மறுபடி நட்டுப் பாப்போம்."

சரி. பொன்னாடை இந்த மேசையிலேயே இருக்கட்டும். திங்கட்கிழமை மீண்டும் நடுகிறோம். தொட்டியைக் கவிழ்த்து முதலில் ஆணி பிடிக்கப் போவது நான். பட்டம் தந்த கைகளுக்கு நன்றி. பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு வணக்கம்.