எல்லிஸ் படிக்க மறுத்த கதை

— அந்தக் கதையை மட்டும் படிக்கமாட்டேன்க்கா. வேற எதுன்னாலும் படிக்கிறேன்.

— சரித்தான். அயோவாவுல நம்ம ஊரு நூலகத்துக்கு உன் பேரை வைக்கிறாங்க எல்லிஸ். மூணு மணிக்குக் கூட்டம். ஊரே வர்றது அந்தக் கதையைக் கேக்கத்தான். காப்பி ஆறுது, குடி.

— அது உன் பிள்ளை கதை. நீ எப்படிக்கா கேட்டுக்கிட்டு உக்காந்திருப்ப?

— டேவி குட்டையில மூழ்கிப் போயி முப்பத்தோரு வருசம் ஆச்சு. அழுது தீத்தாச்சு. குட்டைக்குப் போற வேலிக்கதவு, மாட்டாத கொக்கி, புல்லுல கிடந்த ஒத்தை ரப்பர் பூட்ஸ்… ஒரு வரியாவது பொய்யா அதுல?

— ஒண்ணு இருக்கு. கதவைத் திறந்து போட்டது அப்பன்காரன்னு எழுதினேன்ல.

— ஆமா?

— நான்க்கா. நோட்டை எடுத்துக்கிட்டுக் குட்டைக்கரையில எழுதப் போயிருந்தேன். திரும்பி வர்றப்ப ஒரு வரி தோணுச்சு. மறந்துடுமோன்னு வீட்டுக்கு ஓடியாந்தேன். கொக்கியை மாட்டல.

— ஒரு வரிக்காகவாடா?

— டேவி கதைக்கு முன்னாடி எழுதின என் முதல் கதையோட முதல் வரி. வெக்கமா இருக்குக்கா. பதினோரு புத்தகம், பரிசு, காலேஜ் வேலை எல்லாம் அந்த டேவி கதை வாங்கிக் குடுத்ததுதான். 'உள்ளதை எழுதுங்க'ன்னு பிள்ளைங்களுக்குப் பாடம் வேற நடத்துறேன். கேட்டா கற்பனைன்னு சொல்லிக்கலாம்னு மாமா தலையில போட்டுட்டேன். அவரு எங்க படிக்கப்போறாருன்னு நெனச்சேன். விதைக் கம்பெனி விலைப்பட்டியலைத் தவிர ஒண்ணும் படிக்காத மனுசன்.

— உன் மாமா ஹார்லன் படிச்சாருடா. இதே மேசையில, விரலை வச்சு வரி வரியா. முடிச்சுட்டு, 'வெர்னா, மாட்டுக்குத் தண்ணி காட்டக் கதவைத் திறந்தது நான்தான். இப்பத்தான் ஞாபகம் வருது'ன்னாரு.

— ஐயோ! அன்னைக்கு அவரு அந்தப் பக்கமே வரலைக்கா!

— எனக்கெப்படித் தெரியும்? அதுவரைக்கும் காத்துல திறந்திருக்கும்னுதான் நெனச்சோம். அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருசம் அதையே சொல்லிச் சொல்லிக் கரைஞ்சாரு. போன பிப்ரவரியில, ஆஸ்பத்திரியில கடைசி மூச்சு வாங்குறப்பகூட என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு வெர்னா'ன்னு கெஞ்சினாரு.

— சொன்னேல்ல? அக்கா… சொன்னேல்ல?

— கையை உருவிக்கிட்டு வெளிய வந்துட்டேன்டா.